கடவுள் சொன்னாரா, சொன்னாவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு கிழமைக்கு முந்திய உங்கள் ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்ததும் அன்றிரவே பதில் எழுத உட்கார்ந்தேன். தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் வந்து குவிந்ததில் அப்படியே கிடந்துவிட்டது. கடவுளை ஆண்பாலில் மட்டும்தான் சொல்ல வேண்டுமா என்று இங்கிலாந்துத் திருச்சபையில் 2023 இல் பேச்சு எழுந்ததையும், 2017 இல் சுவீடன் திருச்சபை தன் வழிபாட்டு நூலைத் திருத்தியபோது ஆண்பால் சொற்களைத் தவிர்க்கவும் இடம் வைத்ததையும் அவர் எடுத்துக்காட்டி, இதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு வேலையில்லாத குறை, தமிழில் 'அவர்' என்ற பொதுச்சொல் இருக்கையில் நமக்கு இந்தத் தலையிடி எதற்கு என்று முடித்திருந்தார். நல்ல தமிழ், நல்ல கோபம். ஆனால் அவர் சொன்னதில் பாதிதான் சரி. மீதிப் பாதி எங்கள் வகுப்பறையில், தரம் 8 பிள்ளை ஒருத்தியின் வாயால் உடைந்துபோனது.

நான் தமிழ் படிப்பிக்கிறவள். பிறப்பால் மெதடிஸ்த, கட்டியது கத்தோலிக்கக் குடும்பத்தில். அதனால் இருபது வருடமாக ஒரே வீட்டில் 'தேவன்', 'கர்த்தர்', 'ஆவியானவர்' ஒரு காதிலும் 'கடவுள்', 'ஆண்டவர்', 'தூய ஆவியார்' மறு காதிலும் விழுந்துகொண்டே இருக்கின்றன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த விஷயத்தில் நான் ஒரு சபைக்காக வாதாட வரவில்லை.

நடந்தது இதுதான். ஐம்பால் பாடம். கரும்பலகையில் பத்துப் பதினைந்து சொல் எழுதி, எது என்ன பால் என்று கொப்பியில் எழுதச் சொன்னேன். குயவன், அரசி, பசு, மாணவர், மரங்கள் என்று போய்க் கடைசியில் ஒரு குறும்புக்காகக் 'கடவுள்' என்று எழுதிவிட்டேன். முக்கால்வாசிப் பேர் ஆண்பால் என்று எழுதியிருந்தார்கள். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பி, "அப்ப எங்கட கண்ணகி அம்மன் கடவுள் இல்லையா டீச்சர்?" என்றான். வகுப்பு சிரித்தது. இரண்டாம் வரிசையிலிருந்த ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்து, "எங்கட கடவுள் ஆம்பிள. பிதா எண்டுதானே சொல்றம்" என்றாள், சண்டைக்கு இல்லை, ஒரு தகவல் மாதிரி. மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடின பிறகு அதே பிள்ளை மேசையடிக்கு வந்து நின்றாள். "டீச்சர், அம்மம்மா சொன்னா எண்டு சொல்றம். மாமா சொன்னார் எண்டு சொல்றம். கடவுள் சொன்னார் எண்டு சொல்றம். கடவுள் சொன்னா எண்டு ஒருக்காவும் சொல்ற இல்லையே, ஏன்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஓய்வுநாள் பாடசாலையில், அதாவது சபையில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஞாயிறு வேத வகுப்பில், கேள் என்று அனுப்பிவிட்டேன். அது என் பிழை. கேட்டிருக்கிறாள். இப்படியான கேள்வியைப் பிசாசுதான் போடுவான் என்று சொல்லி, வகுப்பு முடியும்வரை பின்னால் நிற்க வைத்திருக்கிறார்கள். எந்தச் சபை, எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை, யாரையும் மாட்டிவிடுவதற்கான கடிதம் இல்லை இது. அந்த ஆசிரியரும் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

இப்போது அந்த 'அவர்' கதைக்கு வருகிறேன். எழுத்தில் அவர் என்பது பலர்பால், மரியாதைக்காக ஒருவருக்கு வருகிறது, ஆணுக்கும் வரும் பெண்ணுக்கும் வரும். "பாடசாலை அதிபர் வந்தார், அவர் பேசினார்" என்று பத்திரிகையில் போட்டால் அதிபர் ஆணா பெண்ணா என்று தெரியாது. இதுவரை வாசகர் சொன்னது சரி. ஆனால் நாங்கள் இந்தக் கரையில் பேசுகிற தமிழ் அப்படி இல்லையே. எங்கள் வாயில் 'அவர்' என்றால் ஆண். மரியாதைக்குரிய பெண்ணுக்கு 'அவ' இருக்கிறது: அவ வந்தா, அவ சொன்னா, டீச்சர் ஏசினா. அதிபர் பெண் என்றால் மட்டக்களப்பில் எந்தப் பிள்ளையும் "அதிபர் ஏசினார்" என்று சொல்லாது, "அதிபர் ஏசினா" என்றுதான் சொல்லும். ஆக, வேதப்புத்தகத்தில் பொதுவாக இருக்கிற 'அவர்' பிரசங்க பீடத்திலிருந்து இறங்கி எங்கள் காதுக்குள் நுழையும்போது மீசை வைத்துக்கொண்டு வருகிறது. அந்தப் பிள்ளைக்கு இலக்கணம் தெரியாமல் கேட்கவில்லை. என்னைவிட நன்றாகக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள்.

சரி, அவர் போகட்டும். பெயர்களைப் பாருங்கள். தேவன், இறைவன், ஆண்டவன், பரமன், எல்லாம் 'அன்' விகுதி. பழைய ஏற்பாட்டின் முதல் வசனத்தையே எடுங்கள்: "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்." தேவன் ஆண்பால் ஒருமை, சிருஷ்டித்தார் பலர்பால். ஒரு மாணவன் எழுதினால் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருப்பேன். வேடிக்கை என்னவென்றால் எபிரேய மூலத்தில் இது அப்படியே தலைகீழ். அங்கே கடவுளுக்கு வரும் 'எலோஹிம்' என்ற சொல் வடிவத்தில் பன்மை, படைத்தார் என்ற வினை ஒருமை. இரண்டு மொழியிலும் கடவுளுக்கு முன்னால் வந்ததும் இலக்கணம் கொஞ்சம் தடுக்கி விழுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. கத்தோலிக்கரும் மற்றச் சபைகளும் சேர்ந்து உருவாக்கி 1995 இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'கடவுள்' வருகிறது. 'அன்'னும் இல்லை 'இ'யும் இல்லை. நல்ல தெரிவு என்பேன், ஆனால் எங்கள் பக்கத்துச் சபைகளில் பலவற்றில் பழைய மொழிபெயர்ப்புத்தான் இன்னும் கையில், எனக்கும் மனப்பாடமாக இருப்பது அதுதான்.

தொல்காப்பியர் இதை எப்போதோ கவனித்திருக்கிறார். சொல்லதிகாரத்தில் நான்காவது நூற்பாவிலேயே, தெய்வத்தைக் குறிக்கும் பெயருக்கு இன்ன பால் என்று காட்ட அதற்கென்று ஒரு தனி ஈறு இல்லை, உயர்திணையின் பால்களுக்கு உரிய ஈற்றை வாங்கிக்கொண்டு அது நடக்கும் என்கிறார். கடன் வாங்கின சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டையைப் பார்த்து ஆளை அளந்தால் பிழை யாருடையது? குழந்தை அழுகிறது என்று அஃறிணையில் சொல்கிறோம், அதற்காகப் பிள்ளையை மாட்டுப்பட்டியில் கட்டுகிறோமா? சூரியன் உதித்தான் என்று கவிதையில் எழுதுகிறோம், யாராவது சூரியனுக்குச் சாரம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்களா?

இதே கேலியைப் 4 ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய ஆள் செய்திருக்கிறார். நசியான்சு நகர் கிரகோரியார், மூவொரு கடவுள் கோட்பாட்டுக்குத் தூணாக நின்றவர்களில் ஒருவர். தந்தை என்ற சொல் ஆண்பாலில் இருப்பதால் கடவுளை ஆண் என்றால், இறைமை என்ற கிரேக்கச் சொல் பெண்பாலில் இருக்கிறதே, ஆவி என்ற சொல் இரண்டுமில்லாத பாலில் இருக்கிறதே, அதையெல்லாம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எதிராளிகளைப் பார்த்துச் சிரித்தார். இவர் இலண்டனில் இருந்தவர் இல்லை, இன்றைய துருக்கிப் பக்கத்துக்காரர். ஆகவே இது போன வருடம் விமானத்தில் வந்திறங்கிய பேச்சு என்பதை வாசகர் கொஞ்சம் மறுபரிசீலனை செய்யலாம்.

ஆவி என்ற சொல்லைத் தொட்டுவிட்டேன், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. எபிரேயத்தில் 'ருவாஹ்'. காற்று, மூச்சு, ஆவி மூன்றுக்கும் அதே சொல். பெரும்பாலும் பெண்பாலில் வரும். கிரேக்கத்துக்குப் போனதும் 'நியூமா', இருபாலும் இல்லை. இலத்தீனுக்குப் போனதும் 'ஸ்பிரித்துஸ்', ஆண்பால். அதாவது அதே தூய ஆவி மூன்று மொழியில் மூன்று பால். இயேசு பேசிய அரமேயத்தின் கிளைமொழி சிரியம், கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டு மொழியும் அதுதான். அந்தச் சிரியத்தில் எழுதிய ஆதித் திருச்சபையார் ஆவியை அவள் என்றே எழுதினார்கள். 4 ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் வாழ்ந்த அஃப்ராஹாத் என்ற துறவி, மணமாகாதவனுக்குக் கடவுள் தகப்பன், தூய ஆவி தாய் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். யாரும் அவரைப் பின்னால் நிற்க வைக்கவில்லை. பிறகு நூற்றாண்டுகள் போகப்போக அங்கேயும் ஆண்பால் வந்து அமர்ந்துகொண்டது.

தமிழில் என்ன நடந்தது? ஆவி அஃறிணை. அது வந்தது, அது இறங்கியது என்று எழுதினால் மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கிறது. பழைய கத்தோலிக்கர் போர்த்துக்கேயச் சொல்லையே எடுத்து 'இஸ்பிரித்து சாந்து' என்று தப்பித்தார்கள். பின் வந்தவர்கள் ஒரு பக்கம் 'ஆவியானவர்' என்றும் மறுபக்கம் 'ஆவியார்' என்றும் ஓர் 'ஆர்' ஒட்டித் திணையை மாற்றினார்கள். கவனியுங்கள்: கடவுளுக்குப் பொருந்தவில்லை என்றதும் இலக்கணத்தை வளைத்துப் புதுச் சொல்லே செய்திருக்கிறோம், ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. பெயரை மாற்றினால் விசுவாசம் போய்விடும் என்றால் அது அன்றைக்கே போயிருக்க வேண்டும். பராபரன் என்று ஒரு மொழிபெயர்ப்பிலும் தேவன் என்று அடுத்ததிலும் கடவுள் என்று அதற்கடுத்ததிலும் கும்பிட்டு வந்த சமூகம் இது.

ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்தில் தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் 'அசைவாடிக்கொண்டிருந்தார்' என்று வருகிறதே, எபிரேயத்தில் அந்த வினை பெண்பால். அதே வினை உபாகமம் 32 இல் கழுகு தன் குஞ்சுகளின்மேல் 'அசைவாடி' என்று திரும்ப வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்களைக் கைகூப்பிக் கும்பிட வேண்டும், இரண்டு இடத்திலும் அதே சொல்லைப் போட்டிருக்கிறார்கள். அடைகாத்த கோழி குஞ்சு பொரித்த பின் செட்டையைக் கொஞ்சம் அகட்டி, நிலத்தைத் தொட்டும் தொடாமலும் ஒரு ஆட்டம் ஆடுமே, எங்கள் வீட்டுக் கோடியில் இப்போதும் ஒன்று ஆடுகிறது. உலகம் உண்டாக முன்னம் தண்ணீருக்கு மேலே நடந்தது அதுதான் என்று நினைத்துப் பாருங்கள். எருசலேமைப் பார்த்துக் கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்ப்பதுபோல் என்று இயேசு தன்னையே சொன்னதும் தனியாக நிற்கிற வசனமாகப் படாது.

இயேசு ஆண். அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அவர் கடவுளை அப்பா என்று கூப்பிட்டார், அரமேயத்திலும் அது ஏறக்குறைய அப்பாதான், "அப்பா பிதாவே" என்ற வசனத்தை வைத்துக்கொண்டு நம்மூர்ப் பிரசங்கிமார் ஒரு மணித்தியாலம் உருகுவார்கள், நானும் உருகியிருக்கிறேன். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஞானஸ்நானத்திலும் கை வைக்க வேண்டாம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்பதற்குப் பதிலாகப் படைப்பவர், மீட்பவர், தூய்மையாக்குபவர் என்று சொல்லிக் கொடுத்த திருமுழுக்கு செல்லாது என்று 2008 இல் வத்திக்கான் தெளிவாகவே சொல்லிவிட்டது, அதில் நியாயமும் இருக்கிறது, உறவுப் பெயரை எடுத்துவிட்டுத் தொழிற்பெயரைப் போட்டால் வீடு அலுவலகம் மாதிரி ஆகிவிடும்.

ஆனால் தந்தை என்று கூப்பிடுவது வேறு, ஆண் என்று படிப்பிப்பது வேறு. 1992 இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 239 ஆம் பத்தி, கடவுள் ஆணுமல்ல பெண்ணுமல்ல, அவர் கடவுள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அவருடைய பெற்ற பாசத்தைத் தாய்மையாலும் சொல்லலாம் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. 33 நாள் மட்டும் பாப்பரசராக இருந்த முதலாம் யோவான் பவுல் (முதலாம் அருளப்பர் சின்னப்பர் என்றால்தான் எங்கள் மாமிக்கு விளங்கும்) 1978 செப்டெம்பர் 10 ஆம் திகதி மக்களிடம் பேசும்போது, கடவுள் நமக்குத் தந்தை, அதற்கும் மேலாகத் தாய் என்றார். இன்னும் பின்னால் போனால் 675 இல் ஸ்பெயினில் தொலேதோ நகரில் கூடிய ஆயர்கள், மகன் 'தந்தையின் கருப்பையிலிருந்து' பிறந்தவர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தந்தையின் கருப்பை! இன்றைக்கு ஒரு பெண் எழுந்து இதைச் சொன்னால் ஒலிவாங்கியைப் பிடுங்கிவிடுவார்கள்.

கருப்பை என்றதும் நம்மூர் ஞாபகம் வருகிறது. மட்டக்களப்பில் குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழி. யார் எந்தக் குடி என்பதற்கு வயிற்றுவார்தான் கணக்கு. வீடு மகளுக்கு, மருமகன் வந்து சேருகிறவர். கோயில் உரிமை பேசும்போதுகூட எந்த வயிறு என்று கேட்கிற மண் இது. எபிரேயத்தில் இரக்கம் என்பதற்கு வரும் 'ரஹமிம்' என்ற சொல் 'ரெஹெம்', அதாவது கருப்பை, என்ற சொல்லோடு ஒரே வேர். கர்த்தர் இரக்கமுள்ளவர் என்று நாம் படிக்கும் இடங்களில் ஒரு எபிரேயக் காதுக்கு வயிறும் சேர்ந்து கேட்டிருக்கும். இதை உலகத்தில் யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டி வரலாம், மட்டக்களப்பானுக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. நமக்குத்தான் முதலில் பிடிபட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. கல்லடிப் பாலம் தாண்டி பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் காத்தான்குடி. அங்கே அல்லாஹ்வுக்கு 'அவன்'. "அவன் அளவற்ற அருளாளன்." என்னோடு படிப்பிக்கிற முஸ்லிம் ஆசிரியை ஒருவரிடம் ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் கேட்டேன், ஏன் மரியாதை இல்லாமல் அவன் என்கிறீர்கள் என்று. சிரித்துவிட்டு, "அவர் எண்டா பன்மை மாதிரிக் கேக்கும் டீச்சர். அவன் ஒருவன். ஆம்பிள பொம்பிள எண்ட கத அல்லாஹ்வுக்கு இல்ல" என்றார். மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை வரும், "பெண்ணாகி ஆணாய் அலியாய்ப் பிறங்கொளிசேர்" என்று. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஊரே அம்மா அம்மா என்று குளிர்த்திச் சடங்குக்கு, அம்மனைக் குளிர்விக்கிற சடங்குக்கு, நிற்கும். ஒரே வாவிக்கரையில் அவன், அவர், அம்மா மூன்றும் கேட்கிறது. பக்கத்து வீட்டார் எல்லாம் தங்கள் தங்கள் சொல்லுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் ஒரு பிள்ளை காரணம் கேட்டால் பிசாசு என்கிறோம்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். தேவனுக்குப் பெண்பால் போட்டால் தேவி. தேவி என்றதும் அம்மன் கோயில் நினைவு வரும், பழைய ஏற்பாட்டில் தீர்க்கதரிசிகள் சண்டை போட்ட பெண் தெய்வங்களும் நினைவு வரும், பிறகு நாம் யார் அவர்கள் யார் என்ற எல்லைக்கோடு அழிந்துபோகும் என்ற கிலேசம். அது பொய்யான பயமில்லை. ஆனால் ஏசாயா தீர்க்கதரிசியைவிடவா நாம் வைராக்கியக்காரர்? அவர் கர்த்தருடைய வாயிலேயே பிள்ளை பெறுகிறவளின் சத்தத்தை வைத்தார் (42:14). ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன் என்று எழுதினார் (66:13). பெற்றவள் மறந்தாலும் நான் மறப்பதில்லை என்று எழுதினார் (49:15). கடைசியாகச் சொன்னது எல்லோருக்கும் தெரியும், சுவரில் தொங்குகிறது. முதலாவதை ஒரு தடவைகூட நான் பிரசங்கத்தில் கேட்டதில்லை.

லூக்கா 15 ஐப் பாருங்கள். தொலைந்துபோனதைத் தேடும் கடவுளுக்கு இயேசு மூன்று உவமை சொல்கிறார். ஆட்டைத் தேடும் மேய்ப்பன், காசைத் தேடும் பெண், மகனுக்காகக் காத்திருக்கும் தகப்பன். மேய்ப்பன் படம் இல்லாத கிறிஸ்தவ வீடு இங்கே உண்டா? கெட்ட குமாரனை நாடகமாகவே எத்தனை ஒளிவிழாவில் போட்டிருக்கிறோம். நடுவில் இருக்கிறவ? பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்துவிட்டு, விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கித் தேடுகிறாளே, அவளும் கடவுளுக்குச் சொன்ன உவமைதான். அவளுக்கு ஒரு படம் இல்லை, ஒரு நாடகம் இல்லை. போன வருடம் எங்கள் மாமியின் தோட்டுச் சுரை ஒன்று இரவில் கழன்று விழுந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்துக் கரண்டும் இல்லை. எழுபத்தாறு வயது மனுசி தும்புத்தடியை ஒரு கையிலும் என் கைத்தொலைபேசி வெளிச்சத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அலுமாரிக்கு அடி, கட்டிலுக்கு அடி, பாய்க்கு அடி என்று கூட்டிக் கூட்டி, குப்பையை முறத்தில் எடுத்து விரலால் அளைந்து பார்த்து, நாளைக்குத் தேடுவோம் மாமி என்றால் கேட்கவேயில்லை. பதினொரு மணிக்குக் கிடைத்தது. அந்தச் சந்தோசத்தில் அயல்வீட்டுக்காரியை மதிலடியில் கூப்பிட்டுச் சொன்னா. லூக்காவிலும் அப்படித்தான், சிநேகிதிகளையும் அயல்வீட்டுக்காரிகளையும் கூப்பிடுகிறாள். எனக்கு அன்றைக்கு அந்த உவமை முதல் தடவையாக விளங்கியது.

மாமியிடமே இதைச் சொன்னேன். "என்ன புள்ள கதைக்கிறா, தாய் வேணுமெண்டா மாதா இருக்கிறாதானே" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டா. ஆயித்தியமலை மாதா கோயிலுக்கு நடந்து போகிற சனத்தைப் பார்த்தால் அது எவ்வளவு உண்மை என்று விளங்கும், ஆண்டவரிடம் கேட்கப் பயப்படுகிற விஷயத்தை எல்லாம் மாதாவிடம் அழுது கேட்கிறார்கள். எனக்கு அதிலே ஒரு குறையும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், கடவுளிடம் இருக்கிற தாய்மை முழுவதையும் வாரி மாதாவிடம் கொடுத்துவிட்டுக் கடவுளைக் கண்டிப்பான தகப்பனாக மட்டும் நிறுத்திவிட்டோமோ? மெதடிஸ்தக்காரருக்கு அந்த மாதாவும் இல்லை, நாங்கள் இன்னும் வறியவர்கள்.

இதில் எனக்கே ஒரு முடிச்சு இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. இந்த மாவட்டத்தில் தகப்பனைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். சிலருக்குத் தகப்பன் உயிரோடு இருந்தும் பின்னேரம் ஆனால் வாசலில் தள்ளாடி வருகிற ஆள். அவர்களுக்குக் கடவுளும் அப்படி ஒரு ஆம்பிளைதான் என்று சொன்னால் எப்படிக் கிட்டப் போகும் என்று நான் என் கூட்டாளி ஒருத்தியிடம் வாதாடினேன். அவளுடைய தகப்பனைத் தொண்ணூறாம் ஆண்டு கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. அவள் சொன்னாள்: "எனக்கு அம்மா இருந்தா. அப்பாதான் இல்ல. அந்த ஒரு சொல்லையும் எடுத்துப் போடாதே." அதற்குப் பிறகு நான் 'பிதா'வை விட்டுவிடலாம் என்று எங்கேயும் பேசியதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், எடுக்க வேண்டாம், சேர்ப்போம். அதுவும் புதுச்சரக்கு எதையும் இல்லை, வேதத்தில் கிடப்பதைத்தான். அன்னையர் தினத்தில் மட்டும் வாசிக்கிற ஏசாயா 66 ஐ மற்ற நாட்களிலும் வாசிக்கலாம். பிரசங்கத்தில் 'தேவன்' என்று வருகிற இடத்தில் சில தடவை 'கடவுள்' என்று சொன்னால் கூரை இடிந்து விழாது. ஓய்வுநாள் பாடசாலைக்கும் மறைக்கல்விக்கும் படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி வைக்கிறபோது இந்த ஒரு கேள்வியையும் அதில் போடலாம், பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லப் பழக்கலாம். நான் முதலில் பழக வேண்டும்.

ஒன்று மட்டும் நான் கவனித்தேன், இலக்கணக்காரி என்பதால். பால் சிக்கல் எல்லாம் கடவுளைப் பற்றிப் பேசும்போதுதான். கடவுளோடு பேசும்போது இல்லை. 'நீர்' என்ற சொல்லுக்குத் தமிழில் பால் கிடையாது. "நீர் பாரும் ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கட்டும்" என்று என் அம்மா என் நெற்றியில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு விடிய விடியச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. அந்த இரவில் அவ ஆணோடு பேசினாவா பெண்ணோடு பேசினாவா என்று கேட்டிருந்தால் அந்தத் துணியாலேயே அடித்திருப்பா.

அந்தப் பிள்ளையின் கொப்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. 'கடவுள்' என்ற சொல்லுக்கு நேரே ஆண்பால் என்று எழுதி, அழித்து, பலர்பால் என்று எழுதி, அதையும் அழித்து, தாள் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. புள்ளி போடாமல் வைத்திருக்கிறேன். குருவானவர்கள், போதகர்கள் எவராவது உங்கள் பத்திரிகையில் அவளுக்கு விளங்கும் தமிழில் ஒரு பதில் எழுதினால் வெட்டி அந்தப் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பேன். ஞாயிறு இதழில் போடுங்கள் ஐயா, மற்ற நாட்களில் அவர்கள் வீட்டில் பத்திரிகை எடுப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.